கால் அங்குலம் ஓர் அடி

ஹட்டன் பஸ் நிலையத்துக்கு எதிரே
மருந்துக்கடைக்கு மேல்மாடி.
இரண்டு திரை.
ஒன்றில் இன்னும் நிறம் ஏறாத சாம்பல் பெட்டிகள்,
மற்றதில் நீல வரைபடம்:
ஸ்ட்ராத்வீல் தோட்டம், பணியக்கணக்கு, ஏழாம் லயம்.
கால் அங்குலம் ஓர் அடி.

ஸ்டோருக்கு முப்பத்தொரு தாள் இருந்தது.
வாட்டும் தட்டு, உருளை, உருளையின் பெல்ட்,
பெல்ட்டின் ஆணி,
ஆணித் தலைக்கு எத்தனை பக்கம் என்பது வரை.
லயத்துக்கு ஒரே தாள்.
ஒரு காம்பராவை வரைந்துவிட்டு ஓரத்தில் எழுதியிருக்கிறான்:
இதேபோல் இன்னும் இருபத்துமூன்று.

அந்தக் கையை எனக்குத் தெரியும்.
நானும் அதைத்தான் செய்கிறேன்,
இரண்டு விசையை அமுக்கி.
அவன் மை தொட வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

பத்தடிக்குப் பன்னிரண்டு.
சுவர் எழுப்பித் தகரம் கவிழ்த்து
ஆட்டக்காரனை உள்ளே இறக்கினேன்.
திரும்பினான்.
கேமரா பின்வாங்க இடமில்லாமல் அவன் மண்டைக்குள் புகுந்தது.
உள்ளே ஒன்றுமில்லை,
இரண்டு கண் உருண்டையும் பல்வரிசையும் தவிர.

வெள்ளவத்தையிலிருந்து டிலக்ஷன் எழுதினான்:
‘அறை சின்னது. ஒன்றரை மடங்கு பெருக்கு.
யார் அளந்து பார்க்கப் போகிறார்கள்?’

அளந்து பார்க்கப் போனேன்.

அறுபத்திரண்டு படம் எடுத்தேன், நாற்பதில் பனி.
மீதியில், அளவுக்காகச் சுவரோரம் நிற்கிறார் பவளராணி அக்கா,
ஐந்தடி ஓர் அங்குலம்,
கையைத் தூக்கினால் இறவாரத் தகரம்.
தாளில் இல்லாதவை எல்லாம் படத்தில் இருந்தன:
இஸ்தோப்பை விழுங்கிய அடுப்பு,
பரணில் மூன்று சூட்கேஸ்,
ஆணிக்கு ஒன்றாய்ப் பள்ளிக்கூடப் பைகள்,
தரையிலிருந்து மூன்றடி உயரத்தில்
முழங்கைகள் உரசி உரசிச் சுவரில் ஏறிய பளபளப்பு.

‘வீடு குடுக்கவா தம்பி அளக்கிற?’
நாடா தானாகச் சுருண்டு டப்பாவுக்குள் ஓடியது.
‘இல்லக்கா. கேம் ஒன்னுக்கு.’
‘ஏழு பேர்ச்சுன்னு ஒருக்கா அளந்தாங்க.
மண்சரிவுன்னு ஒருக்கா.
எதுக்குன்னு உண்மையச் சொன்ன மொத ஆளு நீதான்.’

ராத்திரி எழுந்தால் எப்படி வெளியே போவீர்கள் என்று கேட்டேன்.
கண்ணை மூடிக்கொண்டு நடந்து காட்டினார்:
உடம்பைப் பக்கவாட்டில் திருப்பி,
இடது கை அலமாரியில்,
மூன்றாவது எட்டு மட்டும் உயரமாக.
‘அங்கன மகன் காலு இருக்கும்.’
மகன் வத்தளையில் கடையில் இருக்கிறான்.
எட்டு உயரமாகவே விழுந்தது.

அறையைப் பெருக்கவில்லை.
ஆட்டக்காரனுக்குப் பக்கவாட்டில் நடக்கக் கொடுத்தேன்.
கேமராவைப் பரணில்,
இரண்டு சூட்கேஸுக்கு நடுவில் உட்கார வைத்தேன்.
நாலு நாள் ஆனது. ஓடுகிறது.

பிறகு அந்த ஜன்னல்.
நான் பஸ் ஏறப்போகும்போது அக்கா கேட்டது:
‘பொய் வீடுதானே, பின்சுவத்துல ஒரு ஜன்னல் வச்சா என்னா?’
வைத்தேன்.
இரண்டடிக்கு இரண்டரை, நீலச் சட்டம்.

டிலக்ஷன் சிவப்புக் கொடி போட்டிருக்கிறான்:
‘வரைபடத்தில் இல்லை. படங்களிலும் இல்லை. நீக்கவும்.’

அவன் சொல்வது சரி.
முதுகோடு முதுகு ஒட்டிய லயம் அது.
பின்சுவருக்கு அப்பால் வானமில்லை, மலையில்லை,
செபமாலை வீடு.
அக்காவே சிரித்துக்கொண்டு சொல்லியிருந்தார்,
‘அவகிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்க.’

இப்போது ஜன்னலைத் திறந்தால்
சாம்பல் பெட்டி ஒன்று தெரிகிறது, விளக்கு இல்லாமல்.
கொடிக்குக் கீழே பதில் எழுதினேன்:
நீக்கவில்லை. படம் போதவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து அவர் வந்த பிறகு,
நாடாவோடு போகிறேன்.